விலக்கில் நின்ற ஞாயிறு

எங்கள் பைக் கிளப் எந்த நாளில் முடிந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லலாம். யாரும் கலைக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். எனக்குக் காரணம் வேண்டும். ஆபீசில் ஒரு கோப்பு காணாமல் போனால், கடைசியாக அதைத் தொட்டது யார் என்று தெரியும்வரை சோறு இறங்காத ஆள் நான்.

கிளப் என்றுதான் சொல்லிக்கொள்வோம், பெயரோ போர்டோ கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில் இரும்புக் கடை அண்ணாச்சி வீட்டு வாசலில் வண்டிகள் வந்து நிற்கும். ஒரு காலத்தில் பதினாலு வண்டிகள். கன்னியாகுமரி, குற்றாலம், கொற்கை என்று போய்வருவோம். பழைய துறைமுகம் என்று படித்துவிட்டுக் கொற்கைக்குப் போய்க் கடலைத் தேடினோம். அது எப்போதோ தள்ளிப் போய்விட்டது என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்ல, வாழைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பிறகு ஒருவருக்குச் சர்க்கரை வந்தது, ஒருவருக்கு மாற்றல் வந்தது, ஒருவருக்கு மருமகன் வந்தார். மாமனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களாம். ஆள் குறையக் குறையத் தூரமும் குறைந்தது. முக்கூடல் வரை என்று ஆனது. கடைசியில் ஐந்து பேர் மிஞ்சியபோது சீவலப்பேரி வரை என்று ஆனது. டவுன் பஸ் போகிற தூரம். ஆற்றில் குளித்து, இட்லி தின்று திரும்புவதற்கு ஐந்து கனத்த வண்டிகள்.

ஆனால் எங்கள் சட்டத்தை மட்டும் நாங்கள் குறைக்கவே இல்லை. முதலில் அண்ணாச்சி போவார். பாதை பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் இரண்டாவது ஆள் வண்டியை ஓரமாக நிறுத்தி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பின்னால் வருபவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். கடைசி வண்டி வந்த பிறகுதான் அவர் நகரலாம். கடைசி வண்டிக்கு வால் என்று பெயர். ஸ்பேனர், பிளக், கிளட்ச் கேபிள் எல்லாம் அதில்தான் இருக்கும். வால் வராமல் விலக்கை விட்டு நகர்ந்தவனுக்கு கிளப்பில் மரியாதை கிடையாது. பதினாலு வண்டி ஓடிய காலத்தில் இது நல்ல சட்டம். ஐந்து பேருக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரிகிற சீவலப்பேரிச் சாலையில் இது எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் வால் ஒரு காலேஜ் லேபில் வேலை பார்த்தவர். பதினைந்து வருடம் அவர்தான் வால். வழியில் யார் வண்டி நின்றாலும் முனகாமல் இறங்கி, கையைக் கறுப்பாக்கிக்கொள்வார். எனக்கு அவர்தான் நெருக்கம். அதனாலேயே அவரை அதிகம் கிண்டல் செய்வதும் நான்தான். அந்தக் கடைசிப் பயணத்துக்கு முந்தைய ஞாயிறுகூட, "என்னவே, வரவர ஆட்டு மந்தைக்குப் பின்னால வாரீரு" என்று சொல்லியிருந்தேன். சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சீவலப்பேரிக்கு முந்தின விலக்கில் இரண்டாவது ஆளாக நான் நின்றேன். அண்ணாச்சி போய்விட்டார். மற்ற இருவரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வால் வரவில்லை. பஞ்சராக இருக்கும், அவரிடம்தான் சாமான் இருக்கிறதே என்று நின்றேன். ஒரு டவுன் பஸ் என்னைக் கடந்து சீவலப்பேரிக்குப் போனது. வயலுக்குப் போகிற பெண்கள் நான் கை நீட்டிய திசையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துப் போனார்கள். அதே பஸ் திரும்பி ஊருக்குப் போனது. கை வலித்தால் மாற்றிக்கொண்டேன். திரும்பிப் போய்த் தேடியிருக்கலாம். சட்டம் விடவில்லை, என் வீம்பும் விடவில்லை.

எட்டரைக்கு அண்ணாச்சியும் மற்றவர்களும் ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள்.

"என்னவே, இன்னும் இங்கனயா நிக்கீரு? ரெண்டு பேருமா சேந்து வண்டியப் பாக்கீங்கன்னுல்லா நெனச்சோம்."

"வால் வரலியே அண்ணாச்சி" என்றேன்.

எல்லோருமாகத் திரும்பி வந்தோம். வழியில் ஒரு ரைஸ் மில் வாசலில் அவர் வண்டி பூட்டி நின்றது. ஆடு குறுக்கே வந்து வண்டி நின்றுபோனது, மறுபடி உதைக்க முடியவில்லை, முட்டி வலி என்று சொல்லி சீவலப்பேரி பஸ்ஸில் ஏறிப் போனார் என்றார் மில்காரர். எங்களுக்குத் தலை சுற்றியது. சீவலப்பேரியில் மூன்று பேர் இருந்தார்கள், வழியில் நான் நின்றேன். எங்கள் கண்ணில் படாமல் அவர் எங்கே போனார்? எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கு போன் செய்தேன். "இப்பந்தான் வந்தாக, படுத்திருக்காக" என்றார் அவர் மனைவி.

அப்படியென்றால் என்னைக் கடந்துதான் போயிருக்கிறார். நான் அவருக்காகக் கை நீட்டி நிற்கும்போது பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். நான் என்ன செய்தேன்? ஆட்டு மந்தை என்று சொன்னதா? அதற்கு இவ்வளவா? அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் செருப்பு வாசலில் கிடந்தது. எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு நான் மட்டும் போய் நின்றேன். அண்ணாச்சி பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் என்னமோ மனவருத்தம்னு சொல்லுதாங்க. அது சரியாகட்டும், பைய பாத்துக்கிடுவோம்" என்றார். எங்களுக்குள் மனவருத்தம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அது என்ன என்று தெரியாமல் நானும் காத்திருந்தேன். ஆறேழு மாதம் அப்படியே போனது. அண்ணாச்சி பொத்தானை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் எங்கள் வாலைப் பார்த்தேன். இரண்டு பேர் மடியிலும் எக்ஸ்ரே உறை. அவருக்கு முட்டி, எனக்கு இடுப்பு. பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம்வே நின்னீரு?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒரு பத்து நிமிசம் இருக்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆறேழு மாதமாக அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தவன் நான்.

"பொய் சொல்லாதீரும். சீவலப்பேரியில நான் எறங்கவே இல்ல. வால் பஸ்ஸுல வந்து எறங்குனா நல்லாவா இருக்கும்? அதே பஸ்ஸுலயே திரும்பி வந்தேன். போகும்போதும் நின்னீரு, வரும்போதும் கைய நீட்டிக்கிட்டு நின்னீரு. நான் சீட்டுக்குள்ள குனிஞ்சிக்கிட்டேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா வே?"

"குடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீரு? மில்லுக்கு வந்து என் வண்டிய உதைச்சிக் குடுத்திருப்பீரு. அடுத்த ஞாயிறும் வீட்டுக்கே வந்து உதைச்சிக் குடுத்திருப்பீரு. அதுக்கு அடுத்த ஞாயிறும். நீரு உதைச்சிக் குடுத்தா நான் வராம எப்பிடி இருக்க முடியும்?"

அவர் சொன்னது உண்மை. அதைத்தான் செய்திருப்பேன். உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கிளப்பின் கடைசி மாதங்களில் பைக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். யாரிடமும் சொன்னதில்லை. விலக்கில் இறங்கி நின்றால்தான் வலி குறையும். அன்று அவ்வளவு நேரம் நான் நின்றது அவருக்காகவா, என் இடுப்புக்காகவா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கம்பவுண்டர் அவர் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். என் இடுப்பில் ஒரு சொடக்கு விழுந்தது.

அவர் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. நடுவில் பக்கத்து அறை டாக்டர் கூப்பிடுவதாக என் டோக்கனைச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் இருந்தவரைப் போகச் சொன்னேன்.

"ஏன் சார், நீங்க போகலியா?" என்றார் கம்பவுண்டர்.

"உள்ள போனவர் வரட்டும்" என்றேன்.