எண்பத்தைந்து லென்ஸும் ஒரு சாவு வீட்டுப் படமும்

பெரியவனே, புதிதாக வாங்கப்போகும் கேமராவுக்கு எந்த லென்ஸ் நல்லது என்று எழுதிக் கேட்டிருந்தாய். அதில் ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதியும் சென்சார் சின்னது என்று கடைக்காரர் சொன்னாராம். பதிலுக்கு முன்னால் பிள்ளைகள் உங்கள் மூன்று பேரிடமும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அக்காவையும் தம்பியையும் ஒரே படத்தில் சேர்த்து நிறுத்திய கெட்டிக்காரன் என்று உங்கள் அம்மா என்னைப் பற்றிச் சொல்வாள் அல்லவா? அது கெட்டிக்காரத்தனம் இல்லை. லென்ஸ் வாங்கத் தெரியாமல் நான் செய்த தப்பு.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெரிய ஃபிலிம் போட்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் பெட்டிக் கேமரா என்னிடம் இருந்தது. லென்ஸ் வளையத்தில் எண்பது என்று போட்டிருக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில்தான். அதைக் கொடுத்துவிட்டு, சின்ன ஃபிலிம் போடும் கேமரா ஒன்றைப் பெங்களூரில் பழையதாக வாங்கினேன். ஐம்பது, எண்பத்தைந்து என்று இரண்டு லென்ஸ் காட்டினார்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எண்பத்தைந்துதானே என்று அதையே எடுத்தேன். ஸ்டுடியோவில் மார்பளவுப் படம் எடுத்துப் பார்த்தேன். முகம் அவ்வளவு அழகாக வந்தது. தப்பு தெரியவே இல்லை.

அந்த ஐப்பசியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தாயார் இறந்துபோனார். கோயிலுக்கு எடுத்துப் போகுமுன் சவப்பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது அவர்கள் வழக்கம். மகனே பஸ் ஏறி வந்து கூப்பிட்டார். "எங்கம்மாவுக்கு ஒத்தப் போட்டோ கூட இல்லைங்க. எல்லாரும் இருக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

நீளமான, குறுகலான அறை. வெளியே நல்ல மழை. நீளச் சுவரை ஒட்டிப் பெட்டி. தலைமாட்டில் மகள், கால்மாட்டில் மகன், நடுவில் உறவுக்காரர்கள். அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற தகராறில் அந்த இருவரும் பேசி நான்கு வருஷம் ஆயிற்று என்று பக்கத்தில் ஒருவர் என் காதில் போட்டார்.

எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனேன். கேமராவுக்குள் பார்த்தால் நடுவில் நாலு பேர்தான். தலையும் இல்லை, காலும் இல்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "செவுத்த இடிச்சுட்டு போயிடுவீங்க போலிருக்குதே" என்றார்.

அங்கே புரியாதது எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுட்ட தோசையின் நடுவில் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் நடுத்துண்டு மட்டும் வரும். தோசை சின்னதாகவில்லை. டம்ளர்தான் சின்னது. லென்ஸ் உள்ளே விழவைக்கும் பிம்பம் பழையபடியேதான் இருந்தது. பழைய பெரிய ஃபிலிம் அதில் அதிகம் வாங்கியது. சின்ன ஃபிலிம் நடுவை மட்டும் வாங்கியது. ஐம்பது வாங்கியிருந்தால் அந்த அறையில் எல்லாரும் அடங்கியிருப்பார்கள்.

பெட்டியை அறை நடுவுக்கு நகர்த்தி, கால்மாடு குறுகலான பக்கத்தில் இருந்த வாசலைப் பார்க்க வைக்கச் சொன்னேன். நான் வாசலுக்கு வெளியே இறங்கி நின்றேன். ஒருவர் குடை பிடித்தார். அறையின் நீளம் கிடைத்தது, அகலம் கிடைக்கவில்லை. எல்லாரையும் பின்னால் நெருக்கி நிறுத்தியும் மகனும் மகளும் ஆளுக்கொரு ஓரத்தில் வெட்டுப்பட்டார்கள். "பெத்த புள்ளைங்க ரெண்டு பேரும் தலமாட்டுக்கு வாங்க, சேந்து நில்லுங்க" என்றேன். யாரும் அசையவில்லை. அவர்கள் சண்டையைத் தீர்க்கத்தான் நான் சொல்வதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ ஃபிரேமில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

மகன் முதலில் வந்தார். அப்புறம் அந்த அக்கா. தோள் இடிக்க நின்றார்கள். நான் ஃபிளாஷைச் சரிசெய்யும்போது அந்த அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"சட்டப் பித்தானப் போடுடா. அம்மாகூட நிக்கற."

அவர் போட்டுக்கொண்டார். நான் காத்திருந்து எடுத்தேன்.

அதனால் பெரியவனே, வளையத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதே. உன் சென்சார் எவ்வளவு பெரிசு, நீ நிற்கும் அறை எவ்வளவு பெரிசு, இரண்டையும் கேட்டுக்கொள்.

படம் வாங்க மகன்தான் வந்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "அக்காவோட காப்பியும் சேத்துக் குடுத்துருங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார். என் கையைப் பிடித்து, "நீங்க அன்னிக்கிச் சொல்லலைன்னா நாங்க சேந்து நின்னிருக்க மாட்டோங்க" என்றார். லென்ஸ் சங்கதியைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் இரண்டு கவரிலும் பெயர் எழுதிக் கொடுத்தேன்.