பாம்பு குடியிருந்த கார்

முகப்பவுடர் வாசனையும் பித்தளை துலக்கிய புளி வாசனையும் சேர்ந்து எழுந்தால் எங்கள் வீட்டில் ஆயுத பூசை. சித்தப்பா அந்தப் பழைய கார் ஹாரனைப் பரணிலிருந்து இறக்குவார். ரப்பர் பந்து வெடித்துவிடாமல் பவுடர் பூசுவார். பித்தளைச் சுருளைப் புளி போட்டுத் தேய்ப்பார். பிறகு ஒரு தடவை அமுக்குவார். ப்பாங்! அன்றைக்குச் சங்கரன்கோவிலில் தறிகள் ஓடாது. தெருக்கோடி வரை கேட்கும். இந்த வருடமும் அமுக்கினார். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. ஆனாலும் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

சித்தப்பாவிடம் ஒருநாளும் கார் இருந்ததில்லை. காரின் பகுதிகள்தாம் இருந்தன. முகவிளக்குகள், சக்கர மூடிகள், ரேடியேட்டர் மூடிமேல் சிறகு விரித்த ஒரு வெள்ளிப் பறவை, பெட்ரோல் கம்பெனியின் எனாமல் பலகைகள், எந்த ஊரிலோ ஓடி முடித்த நம்பர் தட்டுகள். தறியில் நூல் அறுந்து நிற்கிற இடைவெளியில் ஏணி போட்டு ஏறுவார், தொட்டுப் பார்ப்பார், இறங்குவார்.

"காரில்லாத வீட்டுக்கு எத்தன லைட்டு தம்பி வேணும்?" என்பாள் அம்மா. "ஒருநா இதெல்லாம் ஒண்ணாச் சேந்து, தானா எந்திரிச்சி ஓடப்போவுது பாருங்க."

தாத்தா டிரைவராக இருந்தவர். மேலநீலிதநல்லூர் தாண்டி ஒரு கிராமத்தில், பெரிய வீட்டுக் காரை ஓட்டினார். ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடிக்கிறான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்காக வேலை போன டிரைவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா தவழ்கிற பிள்ளை. தகப்பன் முகம் தெரியாது, போட்டோவும் கிடையாது. அந்தக் கை தினமும் பிடித்து அமுக்கிய பொருள் ஒன்று எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அது இருந்த இடத்துக்குத்தான் யாராலும் போக முடியவில்லை. பெரிய வீட்டு அய்யா இறந்தபின் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அடித்தகடு துருப்பிடித்து உதிர, கீழிருந்து புற்று எழும்பி டிரைவர் சீட்டை முட்டியது. புற்று என்றால் எங்கள் பக்கம் அடுத்த கேள்வி கிடையாது. உள்ளே நாகம் இருக்கிறது, அவ்வளவுதான். அய்யாவின் மனைவி காருக்கு மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் பாலும் முட்டையும் வைத்தாள். மகன் விலை பேசிக்கொண்டு ஆள் கூட்டிவந்த ஒவ்வொரு தடவையும் பாம்பு சீறுகிறது என்றாள். வந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் திரும்பிப் போனார்கள்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு கோடை விடுமுறையில், ஒரு காலை செய்தி வந்தது. சென்னையில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் காரை முழுசாகக் கேட்டுவிட்டார். மத்தியானம் லாரி வருகிறது, பாம்பு பிடிக்கிறவனோடு.

சித்தப்பா ஓடுகிற தறியை நிறுத்தினார். "அவன் கைக்குப் போயிட்டா ஒரு திருகாணிகூடத் தரமாட்டான் மைனி."

"ஏன், கேட்டுப் பாக்கது?" என்றாள் அம்மா.

"நான்னாலும் தரமாட்டேம்லா?"

அம்மா என்னைக் கூட அனுப்பினாள். பெண்பிள்ளை பக்கத்தில் நின்றால் அவரை யாரும் கைநீட்டி அடிக்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. பாம்பு அண்டாது என்று என் நெற்றியில் கோயில் புற்றுமண்ணை இட்டாள். சித்தப்பா கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அன்று சைக்கிளைக் கோபுர வாசலில் சாய்த்துவிட்டு, தகட்டில் வெட்டிய பாம்பு உரு ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டார். பாடப்புத்தகத்தில் பாம்புப் படம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். தகடு உண்டியலின் அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை நகரவில்லை.

வெயில். கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. சைக்கிள் பாரில் என் தொடை சுட்டது. சித்தப்பா மிதித்தார், மிதித்தார், மூச்சு என் உச்சந்தலையில் சூடாக விழுந்தது. ஓர் ஒற்றைப்பனைத் திருப்பம். திரும்பியதும் அந்த வீடு.

வீட்டில் அய்யாவின் மனைவி, அந்த அம்மா மட்டும். மகன் லாரிக்கு வழிகாட்ட மெயின்ரோட்டுக்குப் போயிருந்தான். முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் தலைநிமிரவில்லை.

"யாருலே?"

"டிரைவர் மவன்ம்மா. எளையவன்."

கிள்ளிய விரல் நின்றது. "என்ன வேணும்?"

"ஹாரன் மட்டும் போதும்மா."

"டிரைவர் சீட்டுக்கு அடியில கெடக்கு. தைரியம் இருந்தா எடுத்துக்கோ."

தொழுவத்தின் மூலையில் நின்றது கார். மஞ்சள் துணி, குங்குமம், காய்ந்த முட்டை ஓடுகளோடு. கதவு திறந்ததும் உள்ளிருந்து ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. சீட்டுக்கு அடியில் புற்று, அதன் வாய் கறுப்பாக. சித்தப்பா முட்டிபோட்டார். கை நீட்டினார். இழுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். மறுபடி நீட்டினார். முழங்கை வரை போனது. உள்ளே ஏதோ சரசரவென்று உதிர, துள்ளிப் பின்னால் விழுந்தார்.

"சித்தப்பா, போயிரலாம்" என்றேன்.

"சும்மா இரு ஏட்டி."

அப்போதுதான் கேட்டது. தூரத்தில் லாரி கியர் மாற்றுகிற சத்தம். மேட்டில் ஏறுகிறது. எனக்குப் பாம்பு ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். விரல் உலோகத்தில் பட்டதோ என்னவோ, உதடு துடித்தது. ஆனால் கை வெளியே வந்துவிட்டது, வெறுங்கையாக. பெரிய மனிதர் ஒருவர் அழப்போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நவுரு."

அந்த அம்மா எங்கள் பின்னால் நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். வத்தல் காரம் ஏறிய வலதுகையை, அஞ்சறைப்பெட்டிக்குள் விடுகிற மாதிரி, அப்படியே புற்றுக்குள் விட்டாள். நான் கத்திவிட்டேன். அவள் உள்ளே துழாவி, மண்ணை உதிர்த்து, பித்தளைச் சுருளை இழுத்து வெளியே போட்டாள். பந்து நசுங்கியிருந்தது. கிழியவில்லை.

"பாம்பு..." என்றார் சித்தப்பா.

"என்னத்தப் பாம்பு. முட்டைய நாய் திங்குது, பால பூனை குடிக்கி. இந்தக் காருக்கு நான்தாம்லே பாம்பு." சிரிக்காமல் சொன்னாள். "இது ஓடாம என் கண்ணு முன்னால கெடக்கணும்னு ஆசப்பட்டேன். இனி முடியாது. தலையெடுத்த பிள்ள, அவன் பாடு."

ஓடாமல் கிடப்பதைப் பார்க்க ஆசைப்படுகிற ஒருத்தியை நான் அன்றுதான் கண்டேன். எங்கள் பரணில் இருந்ததெல்லாம் ஓடவேண்டும் என்ற ஆசையில் சேர்த்தது.

வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. "பாம்பு கடிச்சதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இது பாம்பு செஞ்சதில்ல தாயி" என்றாள்.

லாரி ஊருக்குள் நுழைந்துவிட்டது. சித்தப்பா ஹாரனைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, சைக்கிளைப் பின்வாசல் வழியாகத் தள்ளினார். அவள் கதவுவரை வந்து அவரிடம் ஏதோ சொன்னாள். எல்லாம் எனக்கும் கேட்டது, அன்று விளங்கத்தான் இல்லை. ஒற்றைப்பனைத் திருப்பத்தில் சைக்கிள் நின்றது. சித்தப்பா மண்ணை ஊதிவிட்டு இரண்டு தடவை அமுக்கினார். முதலில் இருமல் போல, அடுத்தது முழுசாக. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. தாத்தாவைப் போலவே செய்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை என் உச்சந்தலையில் விழுந்தது மூச்சு மட்டுமில்லை. வேர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

பின்வாசலில் அந்த அம்மா சொன்னது இதுதான்.

"அந்தப் பனைத் திருப்பத்துல ஹாரன ரெண்டு அடி அடிச்சிட்டுப் போலே. அய்யா குடிச்சிட்டு வெறிபிடிச்சி வார அன்னைக்கெல்லாம் உங்க அப்பா அங்கன வச்சி ரெண்டு அடிப்பாரு. நான் பிள்ளைகளத் தூக்கிட்டுப் போயி உள்கதவப் பூட்டிக்கிடுவேன்."