காணு என்று சொன்ன தாணு

தம்பானூரிலிருந்து பஸ் கிளம்பியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையின் வாயிலிருந்து சூப்பான் என் மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். தாய் அதைத் துடைத்துத் திரும்பவும் வாயில் சொருகினாள். இந்தக் காலத்துச் சூப்பானில் ரப்பர் வாடையே கிடையாதாம். எனக்கென்னவோ அடித்தது. இறங்கும்வரை இருப்புக்கொள்ளவில்லை. ‘அதை எடுத்துடும்மா’ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஊரார் பிள்ளைக்கு வைத்தியம் சொல்லும் கிழவி என்று பேர் வாங்குவானேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குச் சூப்பான் மகாராஜா காலத்திலேயே வந்துவிட்டது. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவான அப்பா இங்கிலீஷ் மருந்துக் கடையில் வாங்கினார். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து, ஒத்தாசைக்கு ஆளில்லாமல் குடித்தனம் செய்த அம்மாவுக்கு என் தம்பி தாணு அழாமலிருந்தால் போதும். நாலு வயதாகியும் அவன் அதை விடவில்லை. கடித்துக்கொண்டே பேசுவான். நாக்கின் நுனி எழும்பாததால் ‘த’வெல்லாம் ‘க’ ஆகும். தோசை ‘கோசை’. தண்ணீர் ‘கண்ணீர்’. வீட்டில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்ததை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் துணியெடுக்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். துணியைப் பிரித்துப் பார்க்க அம்மா அவன் கையை விட்டாள். திரும்பினால் ஆளைக் காணோம். மாட்டுவண்டிகளுக்கும் வாழைக்குலைகளுக்கும் நடுவே “தாணூ! தாணூ!” என்று அம்மா ஓடினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரே கடை வாசலை எத்தனை தடவை கடந்தோமோ!

அரிசிக் கடையொன்றில் சாக்குமூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், வியர்த்து விறுவிறுத்து.

“பேரு சோதிச்சப்போள் ‘காணு, காணு’ந்நு பறஞ்ஞு. ஞான் சுற்றும் நோக்கி. ஒந்நும் கண்டில்ல, அம்மா!”

பெயரைக் கேட்டதற்குத் தாணு தன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். மலையாளத்தில் ‘காணு’ என்றால் ‘பார்’. அந்த மனிதர் பாவம், அவன் எதைப் பார்க்கச் சொல்கிறானென்று தெருவெல்லாம் தேடியிருக்கிறார். கடைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சூப்பானைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். கரிந்த ரப்பர் நாற்றம் வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு தாணுவுக்கும் நிம்மதியில்லை, எங்களுக்கும் இல்லை. கட்டைவிரல், குடைக்கம்பு, என் பாவாடை நுனி எல்லாம் அவன் வாய்க்குள் போயின. அப்பாவுக்கு அவன் அழுகை தாங்கவில்லை.

“இன்னொண்ணு வாங்கீட்டு வரட்டா?”

“வாங்கீட்டு வாங்கோ. நீங்களே சூப்புங்கோ.”

பிறகு அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு, தன் நாக்கு நுனியைப் பல்லில் வைத்துக் காட்டி, “தா... தாணு” என்பாள். அவன் “கா” என்பான். மறுபடியும் “தா” என்பாள். ஒரு நாள் குளிப்பாட்டும்போது, அவள் கேட்காமலே, “தண்ணி சுடுது” என்றான். அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு அவனை ஈரத்தோடு கட்டிக்கொண்டு அழுதாள்.

பல் இடைவெளி மட்டும் முழுக்க மூடவில்லை. பெரியவனாகி, கல்யாணமாகி, பேரன் எடுத்த பிறகும் ‘ஸ்’ வந்தால் காற்றும் கூடவே வரும். ‘பஸ்’ஸை அவன் சொன்னால் டயரில் காற்று இறங்குவதுபோல இருக்கும். போன வருஷம் பல்லெல்லாம் எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்டிக்கொண்டான். மறுவாரம் போனில், “அக்கா, பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்” என்றது ஒரு குரல். அவ்வளவு சுத்தமாக. யாரென்று கேட்டேன்.