பதினொரு மணிக்குச் சாய்ந்த பொழுது

கலர் கண்ணாடி வைத்திருக்கிறவனை நம்பக் கூடாது என்று ஒன்பது வயதில் முடிவு செய்தேன். அந்த எண்ணம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம். பச்சை இலை விற்றால் பறித்த கூலிக்கே கட்டாது. எங்களுக்குப் பந்தலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர். அப்பா ஃபேக்டரிக்கு இலை ஏற்றும் லாரியில் டிரைவர். செடி நட்டது, கவாத்து வெட்டியது, கொழுந்து பறித்தது எல்லாம் அம்மா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மாமா வந்து, தோட்டத்தை விற்றுவிட்டு எல்லாரும் அங்கே வாருங்கள் என்றார். அப்பா சரி என்றார். அம்மா, "அங்க தண்ணிய வெலைக்கு வாங்கோணுமாமே" என்றாள். மாமா ஆள் தேடக் கிளம்பினார்.

வாங்க ஒரு ஆள் கிடைத்தார். ஃபேக்டரியில் தேயிலை பக்குவம் பார்த்து ரிட்டையர் ஆனவர், கோயமுத்தூரில் இருந்தார். அந்தச் சமயம் பாதி மலை விலைக்கு நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்க முடியாது, படம் அனுப்புங்கள், பிடித்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாமா ஊட்டியிலிருந்து ஒரு போட்டோக்காரரைக் கூட்டி வந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படம் எடுக்கிறவர். மாசி மாதம். அப்பா லாரியில் போயிருந்தார்.

"ஏனுங்க, வானம் வெள்ளையாக் கெடக்குது. இப்பிடியே எடுத்தா தோட்டம் பொணமாட்டத் தெரியும்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு வெல்வெட் உறையை எடுத்தார். உள்ளே சதுரச் சதுரமாகக் கலர் கண்ணாடிகள். லென்ஸுக்கு முன்னால் ஒன்றை வைத்து எடுத்தால் ஊரே மாறிவிடுமாம். செம்பழுப்பாக இருந்த ஒன்றை என் கண்ணில் வைத்தார். மணி பதினொன்று. பொழுது சாய்ந்திருந்தது. கண்ணிலிருந்து எடுத்தார். மறுபடி பதினொன்று. பொய் சொல்கிற கண்ணாடி. அவர் போகும்வரை பின்னாலேயே நடந்தேன். எங்கள் சேவல் மேலும் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

"பச்சையப் போடுங்க. தேயிலைன்னா பச்ச" என்றார் மாமா.

"பச்ச மேல பச்சயப் போட்டா கொளத்துப் பாசியாட்ட இருக்குமுங்க. நான் பன்னெண்டு வருசமாப் படம் எடுக்கறேன்."

"நானும் பன்னெண்டு வருசமாச் சாயம் பாக்கறேன்."

அம்மா டீ கொண்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். சேலைக் கடையில்கூட இது வேண்டும் என்று கை காட்டாதவள். செம்பழுப்பை மட்டும் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இதையே போடுங்க. சாயங்காலமாட்ட இருக்குது."

"பாத்தீங்களா, எந்தங்கச்சி ரசனைய" என்றார் மாமா.

மாமாவே ஊட்டிக்குப் போய்ப் பிரிண்ட் வாங்கி, அங்கிருந்தே தபாலில் போட்டுவிட்டார். அப்பா அந்தப் படத்தைப் பார்த்தது அது திரும்பி வந்தபோதுதான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தது. செம்பேன் விழுந்த தோட்டம் எனக்கு வேண்டாம். வெயில் காலத்தில் அந்தப் பூச்சி பிடித்தால் இலை செம்பு நிறமாகிவிடும். படத்தில் ஒன்றரை ஏக்கரும் செம்பு.

அப்பா கடைத்தெருவுக்குப் போய் போன் போட்டார். பூச்சி இல்லை, கண்ணாடி போட்டு எடுத்தது என்றார். "நல்ல தோட்டத்துக்கு எதுக்குங்க கண்ணாடி?" என்று கேட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

"எவனோ வெலையக் கொறைக்கறதுக்குப் போட்டோக்காரனக் கையில போட்டிருக்கான்" என்றார் அப்பா. நான் சாட்சி சொன்னேன். அவர்தான் கண்ணாடி வைத்தார், நான் பார்த்தேன் என்றேன். சேவலையும் பார்த்தார் என்று சேர்த்துக்கொண்டேன்.

"தங்கச்சிதான் மாப்ள அதச் சொன்னா" என்றார் மாமா.

"அவளுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்? அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்கென்னங்க தெரியும்" என்று அம்மா சோறு போட்டாள்.

மாமா மட்டும் திருப்பூருக்கு பஸ் ஏறினார். வேறு ஆள் யாரும் வரவில்லை. ஊட்டிக்குப் போய்ப் போட்டோக்காரனை ஒரு கை பார்க்கிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். லீவு கிடைக்கவில்லை. படத்தைக் கிழிக்கப் போனபோது அம்மா வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தச் செடிகளில் நான் பறிக்கிறேன். கொழுந்துக்குக் கீழே முற்றின இலையை விலக்கி, செம்பு தட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கூடை மாட்டிய முதல் நாளே அம்மா சொல்லித் தந்தது அது.

அன்றைக்கு அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவள் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீ ஆறிவிட்டது. அழகு பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.