நடு அறை விளக்கு

வாப்பாவுக்கு இரண்டு மனைவிகள். காரைக்காலில் நிக்காஹ் செய்துகொண்ட என் உம்மா ஒருவர். சைகோனில் துணிக்கடை வைத்த பிறகு மணந்துகொண்ட வியட்நாமியப் பெண் இன்னொருவர். அவரை நான் சின்னும்மா என்று கூப்பிடுவேன். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய சமயத்தில் வாப்பா எங்களையும் சைகோனுக்கே அழைத்துக்கொண்டார். கடைக்கு மேலிருந்த நீளமான மாடியில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். இரண்டு பெண்களும் சண்டை போட்டதில்லை; பேசிக்கொண்டதும் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவரிடம் சொல்வது முதலில் வாப்பாவின் வேலையாக இருந்தது, பிறகு என் வேலையாயிற்று.

வாப்பா நோயில் படுத்து மௌத்தானபோது போர் நகரத்தை நெருங்கியிருந்தது. நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த கையோடு வாப்பாவின் தம்பி, என் சாச்சா, தச்சர்களைக் கூட்டிவந்து மாடியின் குறுக்கே பலகைச் சுவர் அடித்தார். தெருப் பக்கம் சின்னும்மாவுக்கு, அடுப்படிப் பக்கம் எங்களுக்கு. படிக்கட்டிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி வாசல்.

"பின்னாடி வம்பு வந்துடக் கூடாது பாரு, அதுக்குத்தான்" என்றார்.

அன்று மாலை எங்கள் பக்கம் ஒரு விளக்கும் எரியவில்லை. அந்த ஊரில் மின்சாரம் போனால் தெருவே 'கூப் தியென்' என்று கத்தும். அன்று யாரும் கத்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது. மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எங்கள் விளக்குகள் தாமாக எரிந்தன. உம்மா சோறு வடிக்க உட்கார்ந்த நேரத்தில் மறுபடியும் அணைந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"அவதான் அமத்துறா" என்றார் உம்மா. "மீட்டரு அவ பக்கம் போச்சுல்ல. நம்மள வெரட்டப் பாக்குறா."

மின்வேலைக்காரரைக் கூப்பிடவும் வழியில்லை. இரண்டு பேரும் இத்தா இருந்தார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அன்னிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தச்சர்கள் வந்த அன்று இருவரும் ஆளுக்கொரு கோடியில் ஒதுங்கிக்கொண்டார்கள்; மின்வேலைக்காரர் என்றால் எல்லா அறைக்கும் வருவார். ஆகவே நானே பார்க்கலாம் என்று துணிந்தேன். ஃபியூஸ் கம்பி மாற்ற மட்டும் எனக்குத் தெரியும்.

விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகலில் சின்னும்மா பக்கம் போய் மீட்டர் பலகையைப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. எங்கள் பல்பைக் கொண்டுபோய் அங்கே மாட்டிப் பார்த்தேன், எரிந்தது. அப்படியானால் கோளாறு நடுவில் எங்கோ இருக்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் அடுப்படியிலிருந்து ஒயர் வந்த வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். துணி சுற்றிய பழைய ஒயர் பீங்கான் குமிழ்களில் தொற்றிக்கொண்டு உத்தரத்தோடு ஓடி, பலகையில் தச்சர் விட்டிருந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நுழைந்தது. நேரே மீட்டருக்குப் போகவில்லை. வாப்பா படுத்திருந்த நடு அறையின் விளக்கோடு முடிந்துவிட்டது.

விஷயம் புரிந்தது. பின்பக்கத்தை எடுத்துக் கட்டியபோது ஒயரை மிச்சம் பிடிக்க, அந்த விளக்கிலிருந்தே எங்களுக்கு இணைப்பு இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதன் ஸ்விட்சைப் போட்டால்தான் எங்களுக்கு மின்சாரம். ஜன்னல் இல்லாத அறை அது. வாப்பா இருந்தவரையும், மௌத்துக்குப் பிறகு அந்த நாற்பது நாளும் அங்கே பகலிலும் விளக்கு எரிந்ததால் யாருக்கும் இது தெரியவில்லை.

சின்னும்மா வாப்பாவின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னறை முழுக்கத் துணி மூட்டைகள். அவருக்கு வேறு இடம் கிடையாது. நான் ஸ்விட்சைப் போட்டேன்.

"வந்துடுச்சு புள்ள!" பலகைக்கு அப்பாலிருந்து உம்மாவின் குரல். அணைத்தேன். "போச்சு! என்னா வெளையாட்டு காட்டுறா அவ?"

சின்னும்மாவுக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்கும். "கோன்," என்றார். பிள்ளை என்று பொருள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வியட்நாமிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "விளக்குப் போட்டா அந்தக் கட்டில்தான் கண்ணுக்குத் தெரியுது. தொழுது முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கு மேல முடியல."

ஒயர் விஷயத்தை விளக்கினேன். தலைக்கு மேலிருந்த பல்பைப் பார்த்தார். "இந்த பல்பைக் கழட்டிடு. ஸ்விட்சு போட்டபடி இருக்கட்டும். உங்களுக்கு எரியும், எனக்கு இருட்டா இருக்கும். தொழ மெழுகுவத்தி போதும்."

எனக்குத் தோன்றாத வழி. போய் உம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கட்டிலப் பாக்க முடியலன்னா சொன்னா?"

"ஆமா உம்மா."

ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "நானுந்தான் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாம கெடக்குறேன்" என்றார். பிறகு முறத்தைத் தள்ளிவைத்தார். "பல்பெல்லாம் கழட்ட வேணாம். மௌத்தான வூட்டுல ஒருத்தி இருட்டுல கெடக்குறதா? வெளக்கு எரியட்டும். ஒலை வச்சு எறக்குற வரைக்கும் அவள இங்க வந்து குந்தச் சொல்லு."

சின்னும்மா படிக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். முதல் சில நாட்கள் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் உம்மா கீரைக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அப்புறம் நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் இரண்டு பேரும் எதிரெதிரே ஏதாவது நறுக்கிக்கொண்டிருப்பார்கள். மீன் சாஸ் வாடையை மட்டும் உம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

இத்தா முடிந்ததும் ஒயர் வேலைக்கு ஆள் தேடினேன். இளைஞர்களைப் படைக்கு அள்ளிப்போயிருந்தார்கள். காலில் ஊனம் இருந்ததால் தப்பிய ஒருவர் கிடைத்தார். எங்களுக்குத் தனி லைன் இழுக்கலாம், படிக்கட்டுச் சுவரோடு கொண்டுவரலாம் என்று சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா சொன்னார்: "அவளுக்குன்னு தனியா ஒரு ஃபியூஸ் வைக்கச் சொல்லு. நம்ம அடுப்படியில ஏதாவது ஆனா அவ பக்கம் அணையக் கூடாது."

சின்னும்மா ஒன்றுதான் கேட்டார். தொழுகைப் பாய்க்கு மேலே சின்னதாக ஒரு விளக்கு, கட்டில் மேல் வெளிச்சம் படாமல். மின்வேலைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. எதிர்ச்சுவரில் தாழ்வாக ஹோல்டரை வைத்து, தகரத்தை வளைத்து மறைப்பு கட்டிக் கொடுத்தார்.

வேலை முடிந்த அன்று மாலை எங்கள் விளக்கு சின்னும்மாவை நம்பாமலே எரிந்தது. உம்மா சோற்றை இறக்கினார், குழம்பை இறக்கினார், படிக்கட்டைப் பார்த்தார். தட்டு நிறையப் பொரித்த வாழைப்பழத்தோடு சின்னும்மா வந்து நின்றபோது, "இம்புட்டு நேரம் என்னா செஞ்சா?" என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்க்க நான் வாய் திறக்குமுன் சின்னும்மாவே தமிழில், "எண்ணெ காயல" என்றார்.

அடுத்த வாரம் சாச்சா வந்தபோது இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்ப நான் எதுக்கு இந்தப் பலகைய அடிச்சேன்? பிரிச்சுடவா?" என்றார்.

"கெடக்கட்டும்," என்றார் உம்மா. "மழைக்காலத்துல துணி போட தோதா இருக்கு."