கேரியரில் உட்கார்ந்து பார்த்த ஏரி

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த வயதில் அதைச் சொல்ல வெட்கமில்லை. இருபத்தெட்டு வயதில் இருந்தது. யாராவது கேட்டால் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவைப்பேன். அப்போது சூளூர்பேட்டையில் பத்திரம் பதிகிற அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மனைவி அதே ஊர் மருந்தகத்தில் நர்ஸ். ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் அவள் வேலை. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்.

அவள் என் மாமன் மகள். வரதய்யபாளையத்தில் இரண்டு பேர் வீடும் அடுத்தடுத்த தெரு. சின்ன வயதிலிருந்து அவளைவிட எல்லாவற்றிலும் நான் ஒரு படி மேலே என்று எனக்கு ஒரு நினைப்பு. பட்டணத்தில் நர்ஸ் படிப்பு படிக்கப்போன இடத்தில், ஹாஸ்டல் மைதானத்தில் நாலு நாளில் சைக்கிள் பழகிவிட்டாள். வேலைக்கு வந்தபோது மருந்தகத்துப் பின்புறம் ஒரு லேடீஸ் சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. முன்பிருந்த நர்ஸ் விட்டுப்போனது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காற்றடித்து எடுத்துக்கொண்டாள். அதுவரை தினம் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டிலிருந்து நடந்து கிளம்புவோம். அன்று முதல் அவள் மட்டும் மணியடித்துக்கொண்டு போனாள். நான் பின்னால் நடந்தேன்.

ஊரைத் தாண்டியதும் கிழக்கே ஒரு கிராவல் ரோடு பிரியும். விறகு வண்டிகளுக்காகப் போட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டியே காட்டுக்குள் மைல் கணக்கில் போகும். சந்தை நாளில்தான் வண்டி வரும். மற்ற நாட்களில் எதிரே ஒரு ஆள் வந்தால் அதிசயம். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை, அவள் சொல்லிக் கேட்டதுதான். சாயங்காலம் வந்து காலைக் கழுவும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னிக்கு ஏரி முச்சூடும் பூநாரை மாமா. நான் போய்க்கினே இருக்கேன், அதுங்க பாட்டுக்கு மேய்ஞ்சிக்கினு இருக்குதுங்க. ஒண்ணுகூட பறக்கல. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. ஒரு மிதி மிதிச்சா வண்டி தன்னால போவுது."

நான் பகலெல்லாம் யாரோ யாருக்கோ விற்ற நிலத்தின் நான்கு எல்லைகளை நகல் எடுத்துவிட்டு வந்திருப்பேன். சன்னல்கூட இல்லாத அறை. அவள் முகம் வெயிலில் கறுத்து, உப்புக் காற்றில் தலை கலைந்து, பார்க்க நன்றாக இருப்பாள். அதுதான் என்னைத் தின்றது. கைப்பிடியில் ஓலைக்கொட்டான் தொங்கும், குப்பத்துப் பெண்கள் கட்டிக் கொடுத்த இறால். அதை வறுத்துப் போடுவாள். வக்கணையாகத் தின்றுவிட்டு, "காரம் ஜாஸ்தி" என்பேன்.

அவளுக்கு எந்தத் தப்பும் செய்ய வரவில்லை என்பதுதான் என் குறை. வேறு ஒரு ஆண்பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் என்றால் சண்டை போட்டிருக்கலாம். நான் பொறாமைப்பட்டதோ ஒரு ரோட்டின் மேல். ஒரு தண்ணீரின் மேல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்கே தெரியும்.

அந்த வருஷம்தான் ஆந்திரா தனி ராஜ்யம் ஆகப்போகிறது என்று உறுதியாயிற்று. சூளூர்பேட்டை ஆந்திரா பக்கம், எங்கள் வரதய்யபாளையம் மதராஸ் பக்கம். சர்க்கார் வேலையில் இருந்தவர்களிடம் எந்தப் பக்கம் இருக்க விருப்பம் என்று எழுதிக் கேட்டார்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க அதே பேச்சு. தமிழ்க்காரர்களில் பாதிப் பேர் தெலுங்குப் பரீட்சைக்குப் பயந்தார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. பத்திரத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனாலும் என் தாளில் மதராஸ் பக்கம் என்று எழுதினேன்.

அவள் தாளிலும் நானே எழுதினேன். எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். வீட்டுக்கு வருகிற எந்தத் தாளானாலும் ஆண்பிள்ளை நிரப்புவான், பெண்பிள்ளை அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவாள். படித்தவளானாலும் அப்படித்தான். அவள் அடுப்பில் இருந்தாள். "எங்க போடணும்?" என்று கேட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டாள். மறுநாள் காலை, அலுவலகம் போகிற வழியில், மருந்தகத்து டாக்டர் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். சொந்த ஊருக்குப் பக்கம், அப்பா அம்மாவுக்குப் பக்கம் என்று பத்துக் காரணம் தயாராக வைத்திருந்தேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஏரி கிடையாது.

வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் குப்பத்துக்கு ஒரு நிறைமாதக்காரியைப் பார்க்கப் போகவேண்டும் என்றாள். "நானும் வரேன்" என்றேன். எதைப் பிடுங்கினேன் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்போல இருந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேரியர்ல குந்துவியா?"

"குந்தறேன்."

கடைசி வீடு தாண்டும்வரை நான் தனியாக நடந்தேன். அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். சவுக்குத் தோப்பு மறைத்ததும் ஏறிக்கொண்டேன். வேட்டியோடு கால் விரித்து உட்கார வரவில்லை. ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, கல்யாணத்துக்குப் போகிற பெண்ணைப்போல உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள அவள் இடுப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அவள் சொன்னதில் பாதிகூட இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவள் பாதிகூடச் சொல்லியிருக்கவில்லை. சக்கரத்தின் கீழே சரளை நறநறவென்று நசுங்குகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. இடது பக்கம் காடு, ஈச்சம் புதரும் பனையுமாக. வலது பக்கம் தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இருக்காது, கண்ணுக்கு எட்டினவரை பளபளத்தது. நான் உட்கார்ந்திருந்தது காட்டைப் பார்த்து. ஏரியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி எடுத்தது. அப்போதுகூட எனக்கு வயிறு எரிந்தது. நேரே பார்த்துக்கொண்டு போகிறவள் அவள்.

குப்பத்தில் எங்களைப் பார்த்ததும் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நர்ஸம்மா மொகுடு வச்சாடு." நர்சம்மாவின் புருஷன் வந்திருக்கிறான். அங்கே எனக்கு வேறு பெயர் இல்லை. குமாஸ்தா இல்லை, இன்னார் மகன் இல்லை. ஒரு மோர்ச் செம்பைக் கொடுத்து, படகு நிழலில் உட்காரவைத்தார்கள். இவள் குடிசைக்குக் குடிசை போனாள். தெலுங்கில் அதட்டினாள், சிரித்தாள், ஒரு கிழவனைப் புகையிலைக்காகத் திட்டினாள். வீட்டில் நான் கேட்டிராத குரல் அது. பிடுங்கக் கூடாததைப் பிடுங்கிவிட்டேன் என்று அந்தப் படகு நிழலில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

"உன் தாள்ல மதராஸ் பக்கம்னு எழுதிட்டேன். உன்ன கேக்கல."

மிதிப்பது நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"டாக்டர் கூப்ட்டு, ஏம்மா எங்கள விட்டு போறியான்னு கேட்டாரு. தாள வாங்கி கிழிச்சிட்டு வேற எழுதி குடுத்தேன். இந்தப் பக்கம்தான்னு. அது ஆச்சி நாலு நாளு."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

என் தாள் என்ன ஆவது என்று கேட்டேன்.

"அது உன் தாளு மாமா. நான் எதுக்கு தொடறேன்? ஊருக்கு போவணும்னா போ. ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டு போறேன். சைக்கிள் இருக்குது இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். நான் இல்லாமலும் அவளுக்கு இந்த ரோடு இருக்கும், ஏரி இருக்கும், மோர்ச் செம்பு இருக்கும். அவள் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

சவுக்குத் தோப்பு வந்ததும் நிறுத்தினாள். இறங்கிக்கொண்டேன். அவள் ஏறி மிதித்துப் போய்விட்டாள். நான் நடந்து வீடு போய்ச் சேர்ந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் தலைமைக் குமாஸ்தாவிடம் போய் என் தாளைத் திருப்பிக் கேட்டேன். மதராஸ் பக்கம் என்பதை அடித்து, இந்தப் பக்கம் என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மனைவியைப் பிரிய மனசில்லையா என்று அவர் கேலி செய்தார். ஆமாம் என்றேன். ஊரும் உறவும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறது.

சில வருஷம் கழித்து எல்லைத் தகராறு ஒரு முடிவுக்கு வந்தபோது, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களோடு எங்கள் வரதய்யபாளையமும் ஆந்திராவுக்கு வந்தது. ஊரிலிருந்து அப்பா அதைக் கடிதத்தில் புலம்பி எழுதியிருந்தார். அவளிடம் படித்துக் காட்டினேன்.

"பாத்தியா மாமா," என்றாள். "நீ போவலன்னு ஊரே கெளம்பி வந்துட்ச்சி."

அப்போதும் என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று நான் தங்கியது பாசத்தால் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. முப்பது வருஷம் அந்தக் கேரியரில் உட்கார்ந்து போனேன், கழுத்து வலிக்க வலிக்க ஏரியைப் பார்த்தேன். போன வருஷம் அவள் போய்விட்டாள். சைக்கிள் சுவரோரம் நிற்கிறது. தங்கியதற்குக் காரணம் அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். நான் இல்லாமல் அவள் அந்த ரோட்டில் சந்தோஷமாகப் போவாளே என்று பொறுக்கவில்லை.