என்னைப் பேசவைத்த பிரேசில் பாட்டு

பிரேசிலில் ஒரு ராக் இசைக்குழு இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது, இன்றும் விடாமல் வாசிக்கிறார்களாம். நடுவில் டிரம்ஸ் அடிப்பவர் மாறியதைப் பிற்பாடு அங்கிருந்து தபாலில் வந்த ஒரு கேசட்டைக் கேட்டே நான் கண்டுபிடித்தேன். புதியவருக்கு அவசரம் ஜாஸ்தி. பாடுகிறவரின் தொண்டை தடித்துவிட்டது, கோபம் மட்டும் குறையவில்லை. கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ஒருத்தி இத்தனை வருஷமாகத் தங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பது அந்த மனிதர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நான் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்கெங்கோ அலைந்து, கடைசியில் வட்டக்கானலில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஒரு விடுதியில் எனக்கு வேலை கிடைத்தது. கூட்டுவது, துடைப்பது, துணி துவைப்பது. சமையலுக்கு உள்ளூர் அக்கா ஒருவர் இருந்தார். நல்ல கைப்பக்குவம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

முதல் வாரமே, மழையில் நனைந்து வந்தவர்களின் காலணிகளை உலர வைத்துவிட்டு, "சப்பாத்து அடுப்புக்கிட்ட இருக்குங்க" என்று அக்காவிடம் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் காலணிக்கு அதுதான் பெயர். அக்கா காதில் சப்பாத்தி என்று விழுந்திருக்கிறது, நானே சுட்டு வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்து, தட்டில் குருமாவையும் ஊற்றிவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தால், அங்கே நாலு ஜோடி சேற்றுக் காலணி. "ஷூன்னு நல்ல தமிழ்ல சொன்னா என்னம்மா?" என்றார்.

அன்றிலிருந்து என் பெயர் சப்பாத்தி. பால்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. எனக்கோ ரோஷம் அதிகம், பேச்சையே நிறுத்திவிட்டேன். ஒன்பது மாதம் தலையாட்டலும் ஒரு 'ம்'மும்தான். வீட்டிலும் வாய் திறப்பது குறைந்துபோனது. இனிப் பேசவே வராமல் போய்விடுமோ என்று எனக்கே பயம் வந்தது.

அந்தச் சமயத்தில் பிரேசிலிலிருந்து ஒரு பெண் வந்து ஒரு மாதம் தங்கினாள். அவளிடம் ஒரு டேப் ரிக்கார்டரும், தன் ஊர்க் குழு பாடியது என்று ஒரே ஒரு கேசட்டும் இருந்தன. முதல் நாள் கேட்டபோது மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கித்தார் தகரத்தைக் கிழிப்பது போல் இருந்தது. பாடியவன் பாடவில்லை, யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரத்தில், எனக்குள் அடைந்து கிடப்பதையெல்லாம் இவன் கத்தித் தீர்க்கிறான் என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவள் அறையைக் கூட்ட மட்டும் எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

ஒரு நாள் காலை, அந்தச் சண்டைக்கு நடுவே அவன் "சப்பாத்து" என்றான்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவள் காலணியைத் தொட்டுக் காட்டினேன். அவளும் தலையாட்டிக்கொண்டே "சப்பாத்து" என்றாள், என் அம்மா சொல்வது போலவே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் புரியாமல் விழித்தவள், என்னைத் தேற்றவோ என்னவோ, அறையில் இருந்ததையெல்லாம் தொட்டுத் தொட்டுத் தன் மொழியில் பெயர் சொன்னாள். ஜன்னலைத் தொட்டு "ஜனேலா" என்றாள். மேசைக்கு "மேசா". அலமாரிக்கு "அர்மாரியு", அதன் சாவிக்கு "ஷாவி". அந்தக் காலத்தில் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து நம்மிடம் விட்டுப்போன சொற்கள் இவை என்பதை வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தேநீர் கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, அப்ப நான் பொறந்ததுல இருந்து இவுக பாஷையத்தான் பேசிக்கிட்டுக் கெடக்கேனா?"

ஒன்பது மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு இதுதான்:

"ஆமாங்கக்கா. என்ன, கொஞ்சம் கொச்சையாப் பேசுறீங்க."